சாலை முடிகிற இடத்துப் பள்ளி



சீசன் கூட்டம் மலை இறங்கிவிட்டது. ஏரிச்சாலை மறுபடியும் ஊர்க்காரர்கள் கைக்கு வந்திருக்கிறது. கடைகளில் நோட்டும் பையும் தொங்குகின்றன. பள்ளி திறக்கும் ஜூன் இது.

கொடைக்கானலில் பள்ளி என்றதும் 1901-ல் தொடங்கிய சர்வதேசப் பள்ளிதான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வரும். இந்த முறை நாங்கள் பேச நினைப்பது பூம்பாறை, மன்னவனூர், வெள்ளகவி பக்கத்துப் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளைப் பற்றி. அவற்றுக்குப் பொறுப்பான கல்வி அதிகாரிகளைப் பற்றியும்தான்.

சி.இ.ஓ., டி.இ.ஓ., பி.இ.ஓ. என்று மூன்றெழுத்தில் நாம் சொல்லிப் பழகிய இவர்கள் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை செய்தியாவதில்லை. ஆனால் யாரை எந்தப் பள்ளிக்கு மாற்றுப் பணியில் அனுப்புவது என்ற ஒரு தாளில் ஒரு மலைக்கிராமத்தின் படிப்பே அடங்கிவிடும். கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. இருவரில் ஒருவர் மருத்துவ விடுப்பில் போனால் என்ன ஆகும்? ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’ எழுதிப்போட்டுவிட்டு ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்த வேண்டும். நடுவில் சத்துணவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எமிஸ் இணையதளத்தில் வருகையை ஏற்றுவதும் அதே ஆசிரியர்தான், அதுவும் சிக்னல் கிடைத்தால்.

கல்வி அதிகாரி வேலையின் அருமையை வாழ்ந்து காட்டியவர் நெ.து. சுந்தரவடிவேலு. 1912-ல் காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். பள்ளித் துணை ஆய்வாளராகத் துறைக்குள் வந்து, படிப்படியாக உயர்ந்து 1954-ல் பொதுக்கல்வி இயக்குநரானார். காமராஜர் முதல்வரானதும் அந்த ஆண்டில்தான். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை முதல்வரும் அறிந்திருந்தார், அதிகாரியும் அறிந்திருந்தார். 1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1958-ல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. கஜானா திறக்கட்டும் என்று உட்கார்ந்திராமல் ஊராரைக் கூட்டி, பெஞ்சு, கரும்பலகை, சீருடை, கட்டடம் என்று அவரவரால் முடிந்ததைக் கேட்டார்கள். ஜனங்களும் அள்ளிக் கொடுத்தார்கள். மாநாடு ஊர் ஊராகப் பரவியது. கோப்பை மேலே தள்ளிவிட்டுக் காத்திருப்பதைவிட ஊர்க்கூட்டத்தில் போய் நிற்பது கடினம். சுந்தரவடிவேலு கடினமானதைத் தேர்ந்தெடுத்தார்.

நம் மலையிலும் கொடுக்கும் மனசுக்குக் குறைவில்லை. கூரை ஒழுகினால் பூண்டு விற்ற காசில் சரிசெய்து தருவார்கள். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் முதல் கட்டத்திலேயே மலைப்பகுதிப் பள்ளிகளும் இடம்பெற்றன. சோற்றுக்கும் சட்டைக்கும் வழி உண்டு. ஊர் எவ்வளவு நல்ல மனசோடு முன்வந்தாலும் கொடுக்க முடியாத ஒன்று ஆசிரியர். அதை அதிகாரியின் பேனாதான் கொடுக்க முடியும்.

மலையில் வேலை பார்ப்பவர்களுக்கு மலைப்படியும் குளிர்காலப்படியும் அரசு தருகிறது. ஆனால் சுற்றுலாக்காரர்களால் ஏறிப்போன வீட்டு வாடகைக்கும், தவறவிட்டால் மறுநாள்தான் என்ற கடைசி பஸ்ஸுக்கும் அந்தப் படி ஈடாகாது. இடமாறுதல் கலந்தாய்வு வந்ததும் ஆசிரியர்கள் கீழே இறங்கத் துடிப்பதை நாம் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளிக்குப் பக்கத்திலேயே தங்க ஒரு குடியிருப்பு, விடுப்பில் போனவர் இடத்துக்கு அந்த வாரமே ஒருவர் என இரண்டையும் உறுதி செய்தால் நிலைமை மாறும்.

கல்வி அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம்: இந்த ஆண்டின் முதல் ஆய்வை வத்தலகுண்டு சாலையை ஒட்டிய பள்ளியில் முடித்துக்கொள்ளாமல், சாலை முடிகிற ஊரில் தொடங்குங்கள். வாசகர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியில் எந்த வகுப்புக்கு ஆசிரியர் இல்லை, எத்தனை மாதமாக இல்லை என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் ஊர்வாரியாக வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்