சரக்கு எடுக்கும் ஊரைச் சற்று நடந்து பார்ப்போம்



வெளியூர் வியாபாரிகளாகிய நமக்குப் பாரிமுனை என்றாலே கொள்முதல் என்றுதான் பொருள். காகிதத்துக்கு ஆண்டர்சன் தெரு, ஜவுளிக்குக் கோடவுன் தெரு, கெமிக்கலுக்கு நயினியப்ப நாயக்கன் தெரு என்று, தெருவின் பெயரைச் சொன்னாலே சரக்கின் பெயர் விளங்கிவிடும். காலையில் ரயிலை விட்டு இறங்குவது, நாலு கடை ஏறி விலை விசாரிப்பது, ஆர்டர் எழுதிக் கொடுப்பது, பார்சல் சர்வீஸில் புக்கிங் போடுவது, இரவு ரயிலில் ஊர் திரும்புவது. இதுதான் தலைமுறை தலைமுறையாக நம் சென்னைப் பயணம். இப்போது அதுவும் குறைந்து, போனில் படம் பார்த்து ஆர்டர் போடும் காலம் வந்துவிட்டது.

இந்த நேரத்தில் நாம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். அடுத்த முறை சென்னைக்குப் போகும்போது அரை நாள் முன்னதாகப் போய், சரக்குப் பட்டியலைப் பையிலேயே வைத்துவிட்டு, ஜார்ஜ் டவுனைக் காலால் நடந்து பாருங்கள். கைடு வேண்டாம், கட்டணம் இல்லை. காலுக்குச் செருப்பும் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் போதும். "நமக்கென்ன கட்டடக் கலை? அது படித்தவர்கள் சமாச்சாரம்" என்று சிலர் கேட்கலாம். மதுரையும் தஞ்சையும் அரசர்கள் கட்டிய ஊர்கள். இந்த ஊரோ வியாபாரத்துக்காகவே உண்டான ஊர். ஒரு வியாபாரக் கம்பெனி 1640-இல் கோட்டை கட்டிக் கிடங்கு வைத்தது. அதைச் சுற்றி நெசவாளரும் தரகரும் துபாஷிகளும் செட்டிமார்களும் குடியேறினார்கள். ஆகவே இந்த ஊரைப் படிக்க வியாபாரியின் கண்ணைவிடச் சிறந்த கண் கிடையாது.

நடப்பதற்கு உகந்தது ஞாயிற்றுக்கிழமை காலை. மொத்தக் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். தள்ளுவண்டியும் மீன்பாடி வண்டியும் முழங்காலில் இடிக்காது. கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி ராஜாஜி சாலையில் தெற்கு நோக்கி நடந்தால், முதலில் ஜெனரல் போஸ்டாபீஸ். ராபர்ட் சிஷோம் என்பவர் வடிவமைத்து 1884-இல் திறந்தது. 2000-இல் தீப்பிடித்துப் பெருஞ்சேதமான பிறகும் இடித்துத் தள்ளாமல் பழுது பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். சற்றுத் தள்ளி ஸ்டேட் பாங்க். 1843-இல் தோன்றிய மெட்ராஸ் பாங்க் தனக்கென்று கட்டிக்கொண்ட மாளிகை அது. அந்தப் பாங்க்தான் 1921-இல் இம்பீரியல் பாங்கில் கலந்து, 1955-இல் ஸ்டேட் பாங்க் ஆயிற்று. வாசலில் நின்று தூண்களையும் கும்மட்டங்களையும் அண்ணாந்து பாருங்கள். பணம் போடுகிறவனுக்கு நம்பிக்கை வரவேண்டும் என்று கட்டிய கட்டடம் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

எதிர்ச் சாரியில் பர்மா பஜார். 1969-இல், பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த நம் மக்களுக்கு ஒதுக்கிய கடைகள். அரண்மனை போன்ற பாங்கும் ஓராள் நிற்கும் கடையும் ஒரே சாலையில் எதிரெதிரே இருப்பதுதான் இந்த ஊரின் குணம்.

பாரிமுனைக்கு வந்ததும் டேர் ஹவுஸ். தாமஸ் பாரி 1788-இல் தொடங்கிய கம்பெனியின் பெயர்தான் முனைக்கே பெயராயிற்று. இப்போதுள்ள கட்டடம் 1940 வாக்கில் எழுந்தது. அதன் வளாகத்தில் ஒரு பழைய கல் தூண் நிற்கிறது. தினம் ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கடந்து போகிறார்கள். அது என்னவென்று கேட்டால் பத்துப் பேருக்கும் தெரியாது. வியாபாரிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கல் அது.

ஆதியில் நம்மவர் வாழ்ந்த கறுப்பர் பட்டணம் கோட்டையை ஒட்டி, இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில் இருந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் நகரைப் பிடித்து, 1749-இல் திருப்பிக் கொடுத்தார்கள். எதிரி மறைந்து நின்று சுட வீடுகள் இடம் கொடுக்கின்றன என்று சொல்லி, கோட்டைக்கு எதிரே இருந்த பட்டணத்தை இடித்து வெளியாக்கினார்கள். கடை, வீடு, சந்தை எல்லாம் போயின. இந்த எல்லைக்குள் இனி யாரும் கட்டக் கூடாது என்பதற்கு அடையாளமாக 1773-இல் ஆறு தூண்கள் நட்டார்கள். அவற்றில் மிஞ்சியது இந்த ஒன்றுதான். இடம் பெயர்ந்த மக்கள் வடக்கே போய் முத்தியால்பேட்டையிலும் பெத்துநாயக்கன்பேட்டையிலும் மறுபடி கடை திறந்தார்கள். நாம் சரக்கு எடுக்கும் தெருக்களெல்லாம் அப்படி வளர்ந்தவைதான்.

1996-இல் கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபோதும், 2002-இல் வெளியூர் பஸ் நிலையம் போனபோதும் "டவுன் வியாபாரம் இத்தோடு முடிந்தது" என்று பேசினார்கள். அந்தத் தூணைப் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

எதிரே உயர் நீதிமன்றம். 1892-இல் திறந்த இந்தச் செங்கல் மாளிகையைக் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் நம்மவர், நம்பெருமாள் செட்டியார். ஸ்டேட் பாங்க் மாளிகையும் அவர் கட்டியதே. வரைபடம் போட்ட வெள்ளைக்காரர்களின் பெயரைப் புத்தகங்கள் சொல்கின்றன. செங்கல் கணக்கும் கூலிக் கணக்கும் பார்த்தவரின் பெயரை நாமாவது சொல்ல வேண்டாமா? அதன் உயரமான கோபுரம் 1894 முதல் 1977 வரை கப்பல்களுக்குக் கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் குண்டு வீசியதைச் சொல்லும் பலகையும் அதன் சுற்றுச் சுவரில் உண்டு. கெட்டிக்கார ஆளை "அவன் எம்டன்" என்கிறோமே, அந்த எம்டன்தான்.

என்.எஸ்.சி. போஸ் சாலையில் மேற்கே திரும்பினால் ஒய்.எம்.சி.ஏ. கட்டடம். 1900-இல் திறந்தது, ஜன்னல்களில் வடநாட்டு அரண்மனை வேலைப்பாடு. இதற்குப் பெரும்பணம் கொடுத்தவர் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் கடைக்காரர் ஜான் வானமேக்கர். பேரம் இல்லாமல் பொருளுக்கு விலைச் சீட்டு ஒட்டுவதையும், பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்பதையும் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர் அவர். கல்லாவில் உட்கார்ந்து சம்பாதித்த பணம் கடல் தாண்டி வந்து இங்கே கட்டடமாக நிற்கிறது.

பக்கத்தில் ஆர்மீனியன் தெரு. அங்குள்ள மாதா கோயில் 1772-இல் எழுந்தது. ஆர்மீனியர்கள் பட்டும் மணியும் விற்ற பெரு வணிகர்கள். உலகிலேயே முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794-இல் இந்தச் சென்னையில்தான் அச்சாயிற்று; அதை நடத்திய பாதிரியாரின் கல்லறை அந்தக் கோயிலில் இருக்கிறது. அவர்களில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற வணிகர் 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிக்கட்டும் போட்டார். கட்டியதோடு விடாமல், அவற்றைப் பழுது பார்ப்பதற்கென்று தனியே பணமும் எழுதி வைத்துப் போனார். இதை நம் சங்கத்தார் கவனிக்க வேண்டும். திறப்பு விழாவுக்குப் பணம் தருபவர் பலர். பராமரிப்புக்குத் தருபவர் அபூர்வம்.

அதே போஸ் சாலையில் பச்சையப்பன் மண்டபம் கிரேக்கக் கோயில் பாணியில் நிற்கிறது. 1794-இல் காலமான பச்சையப்ப முதலியாரின் உயிலின்மேல் நெடுங்காலம் வழக்கு நடந்து, தர்மப் பணம் கோர்ட்டு மூலம் மீண்டு பள்ளிக்கூடமாயிற்று. 1850-இல் இந்த மண்டபம் திறந்தது. அங்கிருந்து தேவராஜ முதலித் தெருவுக்குப் போனால் சென்ன கேசவர், சென்ன மல்லீசுவரர் கோயில்கள் பக்கம் பக்கமாக உள்ளன. பழைய பட்டணக் கோயில் 1757-இல் இடிக்கப்பட்ட பிறகு, மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் பெரும்பொருள் தந்து எழுப்பியவை. கடைசியாகத் தங்கசாலைத் தெரு. கம்பெனியார் நாணயம் அடித்த சாலையால் வந்த பெயர். ஆறுமுக நாவலரின் அச்சுக்கூடமும் இந்தத் தெருவில்தான் இருந்தது. இன்று சௌகார்பேட்டை மார்வாரிகளும் குஜராத்திகளும், ஆந்திரத்துச் செட்டிகளும், நம்மவரும் தோளோடு தோள் உரசிக் கடை நடத்துகிறார்கள். சுற்றியது மொத்தம் மூன்று, மூன்றரைக் கிலோமீட்டர்தான். நின்று நின்று பார்த்தாலும் மூன்று மணி நேரம்.

இனி நம் கருத்துக்கு வருவோம். இப்படி நடப்பவனுக்கு இரண்டு தடைகள். ஒன்று, மேலே பார்க்க முடிவதில்லை. மற்றொன்று, கீழே கால் வைக்க முடிவதில்லை. இரண்டுக்கும் காரணம் வியாபாரத் தெருவின் பழக்கங்களே.

மேலே பார்த்தால் இரண்டு மாடி உயரத்துக்குப் பிளெக்ஸ் போர்டும் தகடும். அதற்குப் பின்னால் தேக்குத் தூணும், வளைவு ஜன்னலும், கட்டிய வருஷத்தைச் சொல்லும் சுண்ணாம்பு எழுத்தும் புழுங்கிக்கொண்டிருக்கின்றன. கடைக்குப் போர்டு வேண்டும், மறுக்கவில்லை. அது வாசல் நிலைக்கு மேலே ஓர் ஆள் கை உயரத்துக்குள் இருந்தால் போதும். எல்லோரும் இருபதடி போர்டு வைத்த தெருவில் எந்தப் போர்டும் யார் கண்ணிலும் படுவதில்லை என்பதுதான் அனுபவம். தகட்டுக்குள் ஓடும் பழைய ஒயரில் தீப்பிடித்தால் அணைக்க வழியும் இருக்காது. 1900-இல் திறந்த மூர் மார்க்கெட் 1985-இல் ஒரே நாளில் வெந்து போனதையும், அங்கே கடை வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டையும் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

"பழைய கட்டடம் ஒழுகுகிறது, இடித்துக் கட்டினால்தான் லாபம்" என்பார்கள். ஆட்டங்கண்டு விழப்போகும் கட்டடத்தை வைத்துக்கொண்டிருக்க நாமும் சொல்லமாட்டோம். உயிரைவிடக் கட்டடம் பெரிதல்ல. ஆனால் மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய கூரை, தேக்குக் கட்டைகளின்மேல் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்தது. அது பெரும்பாலும் கெடுவது இரண்டால்: மூலையில் முளைக்கும் அரசங்கன்று, அடைத்த மழைநீர்க் குழாய். மாதம் ஒருமுறை ஒரு பையனை மாடிக்கு அனுப்பினால் தீரும் வேலை. சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசினால் உள்ளே உள்ள ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சோடு சேர்ந்து உதிர்கிறது. சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் மருந்து. வாடகைக்காரர் செலவு செய்ய மாட்டேன் என்பதும், கட்டடக்காரர் வாடகை போதவில்லை என்பதும் ஓயாத வழக்கு. சங்கம் நடுவே உட்கார்ந்து, பழுதுச் செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி வைத்துக்கொள்ளச் செய்யலாம்.

கீழே நடைபாதை. நடைபாதையில் அட்டைப்பெட்டி அடுக்குவது இடத்தை மிச்சப்படுத்துவதல்ல; வருகிற வாடிக்கையாளரைத் தெருவுக்குள் தள்ளுவது. சரக்கு இறக்குவதைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொண்டு, கடைக்கு முன்னால் நாலடி அகலம் காலியாக விடுவது என்று ஒரு தெருவார் கூடிப் பேசி முடிவெடுத்தால், போலீசும் மாநகராட்சியும் வந்து சொல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

"இதனால் ஒரு ரூபாய் வியாபாரம் வருமா?" என்ற கேள்வி நியாயமானதே. விலையில் போனோடு போட்டி போடுவது கடினம். வீட்டு வாசலுக்கே பொருள் வந்துவிடுகிறது. ஆனால் நடந்து வந்து, நாலு கடை பார்த்து, சரக்கைத் தொட்டுப் பார்த்து, ஒரு டீ குடித்து, மனுஷனோடு பேசிப் போகும் தெருவைப் போன் தர முடியாது. நம் கையில் மிச்சமிருக்கும் முதல் அதுதான். 2019 முதல் மெட்ரோ ரயில் உயர் நீதிமன்றத்துக்கும் மண்ணடிக்கும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிறது. இறங்குகிறவர்களுக்கு நடக்க வழியும் பார்க்க முகப்பும் நாம்தான் தர வேண்டும்.

ஆகவே சங்கத்துக்கு நம் வேண்டுகோள்கள் மூன்று. முதலாவது, இந்த நடைக்கு நாலு பக்கத்தில் ஒரு வரைபடம் அச்சிட்டு உறுப்பினர் கடைகளின் கல்லாவில் இலவசமாக வைக்க வேண்டும். இரண்டாவது, நூறு வருஷம் தாண்டிய கடைகளுக்கு ஆண்டும் தொழிலும் பொறித்த ஒரு சிறிய கல் பதிக்க வேண்டும். மூன்றாவது, போர்டைக் குறைத்து முகப்பைத் திறந்துவிடும் முதல் தெருவுக்கு ஆண்டு மாநாட்டில் மரியாதை செய்ய வேண்டும்.

வெளியூர் உறுப்பினர்களும் தங்கள் தங்கள் கடைவீதியை இப்படி ஒரு ஞாயிறு நடந்து பார்க்கலாம். போகும்போது நாளை கல்லாவில் உட்காரப் போகிற பிள்ளைகளையும் பேரன் பேத்திகளையும் கூட்டிப் போங்கள். விலை கேட்கக் கற்றுக்கொடுக்கிறோம். தெருவைப் பார்க்கவும் கற்றுக்கொடுப்போம்.