குருக்களுக்கும் அரசாங்கச் சம்பளமா?

பாதிரியாருக்கு டென்மார்க் அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறதே, குருக்களுக்கும் கொடுத்தால் என்ன என்று சைவ அன்பர் சிலர் கேட்பதுண்டு.

கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. திருச்சபை வரியை அதன் அங்கத்தவர் மட்டுமே கட்டுகின்றனர் என்பது உண்மை. ஆனால் பாதிரிமாரின் சம்பளத்தில் 40 வீதமும், ஆயர்களின் சம்பளம் முழுவதும் பொது வரியிலிருந்தே போகின்றன. ஹெர்னிங்கில் தொழிற்சாலையில் உழைக்கும் தமிழரின் வருமான வரியும் அதற்குள் அடக்கம். லூதரன் திருச்சபையை அரசு ஆதரிக்க வேண்டும் என்பது 1849 முதல் அரசியலமைப்பிலேயே உள்ள விதி.

பிறப்புப் பதிவு, மயானம் முதலிய பொது வேலைகளைத் திருச்சபை செய்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். சைவக் குழந்தையின் பெயரையும் திருச்சபை அலுவலகமே பதிகிறது! தென் யூட்லாந்தில் மாத்திரம், அப்பகுதி 1920 வரை ஜேர்மன் ஆட்சியில் இருந்த காரணத்தால், நகரசபை இதைச் செய்கிறது. அங்கே முடிவது மற்ற ஊர்களில் ஏன் முடியாது? சைவ சங்கங்கள் மனுக் கொடுப்பதானால் இதற்கல்லவா கொடுக்க வேண்டும்?

சம்பளம் வேறு விஷயம். படியளப்பவர் சட்டமும் போடுவார். ஒரே பாலினத்தவரின் திருமணத்தைத் தேவாலயத்தில் நடத்தலாம் என்று 2012இல் தீர்மானித்தது பாராளுமன்றம். அது சரியா பிழையா என்பதல்ல இங்கு பேச்சு. தீர்மானித்தவர் யார் என்பதே பேச்சு. தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பெரிய ஆலயங்களின் உண்டியல் எண்ணுவதும் அறநிலையத்துறையின் மேற்பார்வையிலேதான். இலங்கையில் 1972இல் பௌத்தத்துக்கு முதன்மை இடம் எழுதப்பட்டதன் பலனை அங்கிருந்து வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அரசு ஒரு மதத்தின் கையைப் பிடித்தால் மற்றவர் எட்டி நிற்க வேண்டிவரும். இரண்டு மூன்று மதங்களின் கையைப் பிடித்தாலும் நாலாமவர் எட்டித்தான் நிற்பார்.

2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் திருச்சபைக்கு வெளியேயுள்ள மதச் சமூகங்களுக்கு அங்கீகாரம் பெற வழி வகுத்தது. அங்கீகாரம் பெற்றால் திருமணப் பதிவுக்கு அதிகாரம் கேட்கலாம். உபயகாரருக்கு வரிக்கழிவு கிடைக்கவும் வழியுண்டு. ஆண்டுக் கணக்கைக் காட்டத்தான் வேண்டும். ஒழுங்காக நடக்கும் சபைக்கு அது பாரமல்ல. வரிக்கழிவும் ஒருவகையில் அரசாங்க உதவிதானே என்று சிலர் கேட்கக்கூடும். உதவிதான், ஆனால் பணம் எந்த ஆலயத்துக்கு என்று தீர்மானிப்பவர் அமைச்சரல்லர், உபயகாரர்.