எது சிறந்த பீட்ஸா? பிறப்புச் சான்றிதழும் பசியும்

உணவைப் பற்றிய விவாதம் சூடுபிடிக்கும்போதெல்லாம் 'அவரவர் நாக்கு, அவரவர் ருசி' என்று சொல்லி ஒருவர் அதை முடித்துவைப்பது வழக்கம். இலக்கியத்தில் இந்தச் சமாதானத்தை நாம் ஏற்பதில்லை. ஒரு கதை நல்லது, மற்றொன்று சுமார் என்று சொல்பவரிடம் அளவுகோல் என்ன என்று கேட்கிறோம். அவர் காட்டும் அளவுகோலையும் கேள்விக்கு உட்படுத்துகிறோம். உணவுக்கு மட்டும் இந்த மரியாதையை ஏன் மறுக்க வேண்டும்? நேப்பிள்ஸ், ரோம், பலேர்மோ, நியூயார்க், நியூ ஹேவன், டெட்ராய்ட், சிகாகோ என ஊருக்கொரு பாணியாகப் பிரிந்து நிற்கும் பீட்ஸாக்களில் எது சிறந்தது என்பது கேட்கத் தகுந்த கேள்வி என்றே நாம் கருதுகிறோம். அதற்கு விடையும் உண்டு. அந்த விடையை எட்டவிடாமல் நெடுங்காலமாக வழிமறித்து நிற்கும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. அது பிறப்பு.

பீட்ஸா பிறந்த ஊர் நேப்பிள்ஸ். ஆகவே நேப்பிள்ஸ் பீட்ஸாவே அசல், மற்றவை நகல் என்பது வாதம். இதற்கு நிறுவன பலமும் சேர்ந்துவிட்டது. 1984-இல் 'உண்மையான நேப்பிள்ஸ் பீட்ஸா சங்கம்' என்று பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பு அவ்வூரில் தோன்றியது. 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் நேப்பிள்ஸ் பீட்ஸாவை மரபுச் சிறப்புடைய உணவாகப் பதிவு செய்தது. 2017-இல் அவ்வூர்ப் பீட்ஸாக் கலைஞர்களின் கைத்திறனை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஐரோப்பிய விதிகளின்படி வட்டத்தின் விட்டம் 35 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது. விளிம்பு 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை எழும்பியிருக்க வேண்டும். விறகடுப்பின் தளம் ஏறத்தாழ 485 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். 60 முதல் 90 நொடிக்குள் வெந்துவிட வேண்டும்.

யாப்பிலக்கணத்தை நினைவூட்டும் இந்த விதிகளை நாம் ஏளனம் செய்யவில்லை. ஒரு கைத்திறன் அழியாமல் காக்கப்பட இத்தகைய வரையறை தேவைப்படலாம். ஆனால் யாப்பு வழுவாத செய்யுளெல்லாம் கவிதையாகிவிடுவதில்லை என்பதை நாம் அறிவோம். மேலும், பிறப்பை முன்னிறுத்துபவர்கள் சொல்லும் பிறப்புக் கதையே சற்றுத் தள்ளாடுகிறது.

1889-இல் நேப்பிள்ஸுக்கு வந்த அரசி மார்கரீட்டாவுக்காக ரஃபாயேலே எஸ்போசித்தோ என்பவர் தக்காளி, மொட்ஸரெல்லா, பேசில் இலை ஆகியவற்றைக் கொண்டு இத்தாலியக் கொடியின் மூன்று நிறங்களில் பீட்ஸா செய்தார், அரசி அதை விரும்பினார், அவர் பெயரே அதற்கு வாய்த்தது என்பது உலகறிந்த கதை. இதற்குச் சான்றாகக் காட்டப்படும் அரண்மனைக் கடிதத்தை ஸக்கரி நோவக் என்னும் ஆய்வாளர் 2014-இல் வெளியான கட்டுரையில் பரிசீலித்தார். கடிதத்தின் முத்திரையும் கையெழுத்தும் அக்கால அரண்மனை ஆவணங்களோடு ஒத்துப்போகவில்லை என்று காட்டி, இது பின்னாளில் புனையப்பட்ட மரபு என்ற முடிவுக்கு அவர் வந்தார். அரசியின் வருகைக்கு வெகு முன்பே இப்பொருள்கள் நேப்பிள்ஸ் பீட்ஸாவில் இருந்தன என்பதற்கும் எழுத்துச் சான்றுகள் உள்ளன. ஏழைகளின் பண்டத்துக்கு ஓர் அரசியின் ஒப்புதல் ஏன் தேவைப்பட்டது என்பதே இங்கு சிந்திக்க வேண்டியது.

ஏனெனில் அக்கால எழுத்தாளர்கள் காட்டும் பீட்ஸா முற்றிலும் வேறானது. நேப்பிள்ஸ் பயண அனுபவங்களைக் கொண்டு அலெக்ஸாந்தர் துய்மா எழுதிய 'கொரிகோலோ' 1843-இல் வெளிவந்தது. எண்ணெய், பன்றிக்கொழுப்பு, பாலாடைக்கட்டி, தக்காளி, சிறுமீன் எனப் பல வகைப் பீட்ஸாக்களை அவர் குறிப்பிடுகிறார். மீன்பாடு நன்றாக இருந்தால் மீன் பீட்ஸா மலிவாகும். இல்லையெனில் விலை ஏறும். ஆகவே சந்தை நிலவரத்தைப் பீட்ஸாவைக் கொண்டே அறியலாம் என்பது அவர் கண்டது. பினோக்கியோவைப் படைத்த கார்லோ கொல்லோதி 1886-இல் சிறுவருக்காக எழுதிய பயணநூலில், பீட்ஸாவை அதை விற்பவனின் அழுக்கோடு ஒப்பிட்டு முகம் சுளிக்கிறார். இத்தாலிய ஒருமைப்பாட்டுக்காக நின்ற ஃபிளாரன்ஸ் எழுத்தாளருக்குத் தெற்கத்திய ஏழையின் உணவு இப்படித்தான் தெரிந்தது.

எல்லோரையும்விட நமக்கு முக்கியமான சாட்சி மத்தில்தே செராவோ. காலரா நேப்பிள்ஸைச் சூறையாடிய 1884-ஆம் ஆண்டில் அவர் எழுதிய 'நேப்பிள்ஸின் வயிறு' அந்நகரத்து வறுமையின் ஆவணம். பீட்ஸாக்காரர் இரவில் வட்டம் வட்டமாகச் சுட்டு அடுக்குவார். அவற்றைத் துண்டு போட்டு, ஒரு பையனிடம் கொடுத்துத் தெருமுனைக்கு அனுப்புவார். துண்டு ஒரு சோல்தோ காசு. குளிரில் விறைத்தும் வெயிலில் மஞ்சளித்தும் ஈ மொய்த்தும் அத்துண்டுகள் நாள் முழுவதும் அங்கே கிடக்கும். பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளுக்கென்று அதைவிடச் சிறிய, இரண்டு சென்ட்டெசிமோ துண்டும் உண்டு. நேப்பிள்ஸ் மக்களில் பெரும்பகுதியினருக்கு இதுவே காலை உணவு, அல்லது மதிய உணவு.

செராவோ மற்றொரு செய்தியையும் தருகிறார். நேப்பிள்ஸ் வணிகர் ஒருவர் ரோமில் பீட்ஸாக் கடை திறந்தார். ரோமில் வாழ்ந்த நேப்பிள்ஸ்காரர்கள் முதலில் மொய்த்தனர். பிறகு கூட்டம் குறைந்து வணிகம் நொடித்தது. தன் ஊரை விட்டுப் பெயர்க்கப்பட்ட பீட்ஸா சுருதி பிசகி ஒலித்தது என்பது அவர் கருத்து. அன்று இரு நூறு கிலோமீட்டர் தாண்ட முடியாத பண்டம், சில பத்தாண்டுகளில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வேரூன்றியது. அது எப்படி நேர்ந்தது?

இங்கே நமக்கு நெருக்கமான ஒருவர் நினைவுக்கு வருகிறார். வியன்னாவில் பிறந்து, இந்தியாவில் சந்நியாசம் பெற்று, அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கற்பித்த அகேஹானந்த பாரதி, 1970-இல் எழுதிய கட்டுரையில் 'பீட்ஸா விளைவு' என்ற கருத்தை முன்வைத்தார். வீட்டில் மதிப்பற்றுக் கிடந்த ஒன்று, வெளிநாடு சென்று மெருகேறிப் புகழோடு திரும்பும்போது சொந்த வீடு அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது என்பது அதன் சாரம். யோகமும் இந்திய ஆன்மிகமும் மேற்கு நாடுகளின் அங்கீகாரத்துக்குப் பிறகு இங்கே பெற்ற புது மவுசை விளக்கவே அவர் பீட்ஸாவை எடுத்தாண்டார். கடல் கடந்த பின்னரே பீட்ஸா சிறப்படைந்தது என்ற அவருடைய எண்ணம் முழுதும் சரியன்று. துய்மாவின் காலத்திலேயே நேப்பிள்ஸ் பீட்ஸா பலவகைப்பட்டிருந்தது. ஆனால் மதிப்பு என்பது பொருளில் மட்டும் இல்லை, அது போய்வந்த பாதையிலும் இருக்கிறது என்ற அவருடைய அவதானிப்பு நிற்கிறது.

தூய்மை வாதத்தின் மீதியும் நெடுநேரம் தாங்காது. தக்காளியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த பயிர். வலுவான கோதுமை மாவை இத்தாலியர்கள் இன்றும் 'மனிடோபா' என்கிறார்கள். அது கனடாவின் ஒரு மாகாணத்தின் பெயர். எனவே பிறப்பை விடுத்து அடுப்பைப் பார்ப்போம். ஒவ்வோர் ஊர்ப் பாணியும் அவ்வூரில் கிடைத்த எரிபொருளுக்கும் பாத்திரத்துக்கும் மனிதர்கள் கண்ட விடை.

நேப்பிள்ஸின் செங்கல் அடுப்பில் விறகு எரிகிறது. செங்கல் வெப்பத்தை மெல்லவே கடத்தும்; ஆகவே அத்தனை உயர்ந்த வெப்பத்திலும் அடிப்புறம் கருகுவதற்குள் மேற்புறம் வெந்துவிடுகிறது. ஈரம் முழுதும் வற்றாததால் நடுப்பகுதி துவள்கிறது. விளிம்பு உப்பிப் புள்ளி புள்ளியாகக் கருகுகிறது. ரோமில் செவ்வகத் தட்டுகளில் சுட்டு, கேட்ட அளவுக்குக் கத்தரியால் வெட்டி, எடைபோட்டு விற்கிறார்கள். பலேர்மோவின் 'ஸ்ஃபின்சோனே' தடித்த மெத்தை போன்றது; வெங்காயம், நெத்திலி, காச்சோகவாலோ பாலாடைக்கட்டி, மேலே ரொட்டித்தூள் என்று அது வேறொரு மரபு.

அமெரிக்காவுக்குச் சென்ற தென்னித்தாலியர்கள் நிலக்கரி அடுப்புகளில் சுட்டார்கள். நியூயார்க்கின் லொம்பார்டி கடை 1905-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்கிறது. பின்னர் எரிவாயு அடுப்பு பரவியபோது வெப்பம் குறைந்தது, வேகும் நேரம் கூடியது. நீர்ப்பசை மிக்க புதிய மொட்ஸரெல்லா அந்நேரம் தாங்காது; நீர் குறைந்த வகை வந்தது. மாவு மொறுமொறுப்பும் இழுவையும் ஒருங்கே பெற்றது. பதினெட்டு அங்குல வட்டம், எட்டுத் துண்டு, நீளவாக்கில் மடித்து நின்றபடி உண்பது என்று ஒரு வடிவம் உறுதிப்பட்டது. நியூ ஹேவனில் ஃபிராங்க் பெப்பே 1925-இல் தொடங்கிய கடை நிலக்கரியை விடவில்லை. அங்கே மொட்ஸரெல்லா கேட்டால்தான் வரும், மட்டிச்சதையும் பூண்டும் இட்ட வெள்ளைப் பீட்ஸா அவ்வூரின் பெருமை. டெட்ராய்ட் பாணி 1946-இல் தொடங்கியது. வாகனத் தொழிற்சாலைகளில் சிறு உதிரிப்பாகங்கள் வைக்கப் பயன்பட்ட எஃகுத் தட்டுகளே அதன் பாத்திரம் என்பார்கள். தட்டின் ஓரம் வரை தூவிய பாலாடைக்கட்டி உருகி ஒட்டிக் கருஞ்சிவப்பாக முறுகும் அந்த விளிம்புக்காகவே அதை உண்பவர்கள் உண்டு. சிகாகோவின் ஆழ்தட்டுப் பீட்ஸா 1943-இல் பிறந்தது. அது வேக அரைமணி நேரத்துக்கும் மேலாகும். அவ்வூர்க்காரர்கள் அன்றாடம் உண்பதோ, சதுரமாக வெட்டப்பட்ட மெல்லிய வேறொரு வகை.

இனி நம் அளவுகோல்கள். முதலாவது, மாவு. மேலே இட்டவற்றை அகற்றினாலும் தின்னத் தகுந்த ரொட்டியாக அது இருக்க வேண்டும். இரண்டாவது, தாக்குப்பிடித்தல். அடுப்பிலிருந்து எடுத்த கணத்தில் மட்டுமன்றி, அரைமணி கழித்தும் அது உணவாக இருக்க வேண்டும். மூன்றாவது, கைக்கு எட்டுதல். யாருடைய பசிக்காக இந்தப் பண்டம் உருவானதோ அவர் சில்லறைக் காசோடு வந்து வாங்கிப்போக இயல வேண்டும். மூன்றாவதை ருசிக்குப் புறம்பானது என்று சிலர் தள்ளக்கூடும். செராவோவைப் படித்தவர்கள் தள்ள மாட்டார்கள்.

சிகாகோவின் ஆழ்தட்டு முதல் அளவுகோலிலேயே பின்தங்குகிறது. அதில் மாவு வெறும் கிண்ணம். டெட்ராய்டும் பலேர்மோவும் முதல் இரண்டிலும் நன்றாகத் தேறுகின்றன, ஆயினும் ஒரு துண்டிலேயே வயிறு கனத்துவிடுகிறது. நியூ ஹேவன் ருசியில் எதற்கும் சளைத்ததன்று. ஆனால் முழு வட்டமாக வாங்கி, மேசையில் அமர்ந்து உண்ண வேண்டியது. நேப்பிள்ஸின் வட்டம் அடுப்பிலிருந்து இறங்கிய முதல் ஐந்து நிமிடத்தில் ஒப்பற்றது. அதன் பிறகு அது நனைந்த துணி.

நம் தீர்ப்பு நியூயார்க்கின் வெற்றுத் துண்டுக்கே. தக்காளிச் சாறு, பாலாடைக்கட்டி, மாவு. வேறு எதுவும் இல்லை. மீண்டும் சூடாக்கினால் சில சமயம் முன்னைவிட நன்றாக இருக்கும் ஒரே பீட்ஸா அது. பிறப்பை அளவுகோலாகக் கொண்டாலும் அதற்கே உரிமை கூடுதல் என்போம். தெருமுனையில் ஒரு காசுக்குத் துண்டு விற்ற அந்தப் பையனின் தட்டு, விதிநூல் பாதுகாக்கும் முழு வட்டத்தைவிட மன்ஹாட்டன் கண்ணாடிப் பெட்டியில்தான் அதிகம் வாழ்கிறது. விதிகள் விட்டத்தையும் வெப்பத்தையும் அளந்தன, விலையை அளக்கவில்லை.

எதிர்வாதங்கள் உண்டு. காவலர் இல்லாத பாணி என்பதால் நியூயார்க்கில் மோசமான துண்டுகள் ஏராளம். நேப்பிள்ஸின் சராசரி நிச்சயம் உயர்ந்தது. உண்மை. ஒரு மொழியின் கவிதையை அதன் சராசரிக் கவிதைகளைக் கொண்டா எடைபோடுகிறோம்? நேப்பிள்ஸ் தெருக்களில் நான்காக மடித்துக் கையில் தரும் மலிவுப் பீட்ஸா இன்றும் இருக்கிறதே என்றால், அதை மனமுவந்து ஏற்கிறோம். நம் துண்டின் உடன்பிறப்பு அது.

கடினமான எதிர்வாதம் வேறு. நியூயார்க்கில் ஒரு துண்டின் விலையும் சுரங்க ரயில் கட்டணமும் ஒன்றாகவே ஏறும் என்று 1980 முதல் பாதி வேடிக்கையாகச் சொல்லிவந்தார்கள். 2015 முதல் 2023 வரை ரயில் கட்டணம் 2.75 டாலரில் நின்றபோது, துண்டின் விலை அதைத் தாண்டிப் போய்விட்டது. துய்மா சொன்ன சந்தைமானி இன்னமும் வேலை செய்கிறது. ஆகவே நம் தீர்ப்பு நிபந்தனைக்கு உட்பட்டது. வேலை முடிந்து ரயிலேறப் போகிறவர் விலைப்பலகையைப் பார்த்துத் தயங்காமல் வாங்கும்வரை அந்தத் துண்டுக்கு முதலிடம். அவர் தயங்கத் தொடங்கினால், விருதை எடுத்துக்கொண்டு வேறு தெருமுனைக்குப் போக நாம் தயார்.