வழி மாறிய மருத்துவர்

லித்தியத்தை நாம் அறிவோம். தனிம வரிசையில் மூன்றாவது. உலோகங்களில் மிக இலேசானது. மனநோய்க்கு அது மருந்தாகும் என்று 1949-ல் எழுதிக் காட்டியவர் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் என்பதையும் சிலர் படித்திருப்பீர்கள். அவருடைய தந்தையைப் பற்றிப் பேசுவார் குறைவு. எனக்கோ தந்தையின் கதைதான் பெரிதாகப் படுகிறது.

டேவிட் கேட் விக்டோரியா மாநிலத்தில் மர்ட்டோவா என்னும் சிற்றூரில் மருத்துவராயிருந்தார். முதல் உலகப் போருக்குச் சென்றார். கலிப்போலியையும் பிரான்சையும் பார்த்துத் திரும்பியவருக்குப் பழைய தொழில் ஓடவில்லை. போர் அவர் உள்ளத்தை ஓய்த்துவிட்டிருந்தது. ஊரில் நடத்திவந்த தொழிலை விற்றுவிட்டு, அரசின் மனநலத் துறையில் சேர்ந்தார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் சன்பரி, பீச்வொர்த், மான்ட் பார்க் மனநோய் மருத்துவமனைகளில் பணி. நம் ஊராயிருந்தால் 'பிழைக்கத் தெரியாதவர்' என்று சொல்லியிருப்பார்கள்!

மருத்துவர் குடும்பம் மருத்துவமனை வளாகத்திலேயே குடியிருந்தது. 1912-ல் பிறந்த ஜான் அங்கேதான் வளர்ந்தார். நாம் கண்டு அஞ்சுகிறவர்களும் நகைக்கிறவர்களும் அந்தச் சிறுவனுக்கு அண்டை அயலார்.

இரண்டாம் உலகப் போரில் ஜான் ஜப்பானியரிடம் சிக்கி, சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டு சிறையிருந்தார். மீண்டு வந்து, பண்டூரா மருத்துவமனையில் பயன்படாமல் கிடந்த உக்கிராண அறையில் ஆராய்ச்சி தொடங்கினார். நோயாளரின் சிறுநீரில் ஏதோ நஞ்சு உண்டென்பது அவர் எண்ணம். யூரிக் அமிலம் நீரில் எளிதில் கரையாது. லித்தியம் யூரேட்டு கரையும். லித்தியத்தை எடுத்ததற்குக் காரணம் அவ்வளவே! ஊசி போட்ட கினிப்பன்றிகள் மிரளாமல் அடங்கிக் கிடந்தன. தாமே அதை உண்டு பார்த்தார். பிறகு, ஐந்தாண்டாகப் பித்து மிகுந்து கிடந்த 51 வயதுடைய ஒருவருக்கு 1948 மார்ச்சில் கொடுத்தார். ஜூலையில் அவர் வீடு திரும்பினார். பழைய வேலையிலும் சேர்ந்தார்.

வேதியியல் மாணவன் என்ற முறையில் சொல்கிறேன்: கேட் கொண்ட கொள்கை தவறு. கினிப்பன்றிகளின் சோர்வும் நஞ்சேறியதால் வந்திருக்கலாம். ஆனால் இத்தகையோரைப் பூட்டி வைத்தால் போதும் என்று உலகம் இருந்த நாளில், இதுவும் உடம்பில் வரும் நோய்தானே என்று தேடத் துணிந்தாரே, அத்துணிவு எங்கிருந்து வந்தது? தந்தை குடியிருந்த வளாகத்திலிருந்து என்பது என் கருத்து.

அந்த முதல் நோயாளர் 1950-ல் லித்தியம் மிகுந்து இறந்ததை மறைக்கக் கூடாது. இரத்தத்தில் அளவு பார்த்துக் கொடுக்கும் முறை பின்னரே வந்தது. டென்மார்க்கில் மோகன்ஸ் ஸ்கௌ 1954-ல் முறைப்படி சோதித்து வெளியிட்டார். அமெரிக்க அரசு இசைந்தது 1970-ல். சாதாரண உப்புக்குக் காப்புரிமை ஏது? எந்தக் கம்பெனி முந்திக்கொண்டு வரும்?

நம் விடுதியிலும் இம்மாத்திரை உண்ணும் நண்பர் ஒருவர் உண்டு. அவர் இசைவுடனேயே எழுதுகிறேன். மாத்திரைகளைச் சத்து மாத்திரைக் குப்பியில் போட்டு வைத்திருக்கிறார். ஏன்? சீட்டாட்டத்தில் சிறு பூசல் வந்தாலும் நம் வாயில் வரும் முதற்சொல் 'கீழ்ப்பாக்கம்' அல்லவா? ஊரைவிட்டு இவ்வளவு தொலைவு வந்தும் அந்தச் சொல்லை மட்டும் மறவாமல் மூட்டை கட்டி வந்திருக்கிறோம்!

ஆண்டு விழா நாடகத்தில் இம்முறையும் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஓடும் பைத்தியக்காரன் வேடம் உண்டு என்று கேள்விப்பட்டேன். நாடகக் குழுவினர் அக்காட்சியை எடுத்துவிட வேண்டும். ஒத்திகைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.