8 சதவீதம் மலிவா?

2025 தீபாவளியன்று எங்கள் வீட்டில் பட்சணத்தை விட அதிகமாகப் பரிமாறப்பட்டது அறிவுரைதான். ஹிஞ்ஜவடியில் கணினித் துறையில் வேலை பார்க்கும் என் மகன் வாகடில் வீடு வாங்க முடிவு செய்திருந்தான். 60 லட்ச ரூபாய் கடன், 8 சதவீத வட்டி, 20 வருஷத் தவணை. வந்திருந்த என் வயது நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "தைரியமா வாங்குப்பா. எவ்வளவு கடன் கொடுப்பாங்களோ அவ்வளவும் வாங்கு. அஞ்சு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டா அப்புறம் தவணை ஒரு பொருட்டே இல்ல. உங்கப்பா 15 சதவீதம் கட்டினவர், தெரியுமில்ல?"

நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அன்றிரவு காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தபோதுதான் நாங்கள் சொன்னது எவ்வளவு பழைய அறிவுரை என்று புரிந்தது.

1995-ல் நான் விஷ்ராந்தவாடியில் வீடு வாங்கினேன். 3 லட்ச ரூபாய் கடன், 15 சதவீத வட்டி, 15 வருஷம். மாதத் தவணை ஏறக்குறைய 4,200 ரூபாய். மத்திய அரசு உத்தியோகத்தில் எனக்கு அப்போது சம்பளம் 10,000 ரூபாய். முதல் இரண்டு வருஷம் ஊருக்குக் கூடப் போகவில்லை. ஆனால் அந்தச் சமயத்தில் விலைவாசி வருஷத்துக்கு 10 சதவீதம் போல ஏறிக்கொண்டிருந்தது. விலை ஏற ஏற என் பஞ்சப்படியும் ஏறியது. 1997-ல் ஐந்தாவது சம்பளக் கமிஷன் பரிந்துரைகள் அமலுக்கு வந்தன. 1998-ல் வெங்காயம் வாங்கவே யோசிக்க வேண்டியிருந்தது. ஆனால் தவணை மட்டும் அதே 4,200-லேயே நின்றது. 2003-ல் என் சம்பளம் 20,000-ஐத் தாண்டியிருந்தது. பாதி சம்பளத்தை நெருங்கி விழுங்கிய தவணை ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இதற்கு என் சாமர்த்தியம் காரணமில்லை. பணவீக்கமும் பஞ்சப்படியும் சேர்ந்து என் கடனைக் கரைத்தன.

கடன் பத்திரத்தில் அச்சாகியிருக்கும் வட்டி பெயரளவு வட்டிதான். அதிலிருந்து விலைவாசி ஏறும் வேகத்தைக் கழித்தால் மிஞ்சுவதே மெய்யான வட்டி. எனக்கு 15-ல் 10 போக 5. என் மகனுக்கு? ரிசர்வ் வங்கி 2016 முதல் பணவீக்கத்தை 4 சதவீதத்தில் நிறுத்துவதை இலக்காக வைத்திருக்கிறது. அது கைகூடினால் 8-ல் 4 போக 4. ஆக, 15-க்கும் 8-க்கும் இடையே மலைபோல் தெரிந்த வித்தியாசம், கழித்துப் பார்த்தால் ஒரே ஒரு சதவீதம். அவன் வீடு பார்த்துக்கொண்டிருந்த 2025 அக்டோபரிலோ சில்லறை விலைப் பணவீக்கம் கால் சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. அந்த மாதக் கணக்கில் அவன் கடனின் மெய்யான வட்டி என்னுடையதை விட அதிகம்!

இதைவிட முக்கியமானது கடன் கரையும் வேகம். விலைவாசி 10 சதவீதம் ஏறினால் ரூபாயின் மதிப்பு 7 வருஷத்தில் பாதியாகும். 4 சதவீதம் ஏறினால் பாதியாக 18 வருஷம் பிடிக்கும். அவனுடைய கடனே 20 வருஷக் கடன். மாதம் 50,186 ரூபாய் தவணை, கிட்டத்தட்டக் கடைசி வரை பாரமாகவே இருக்கும். அவனுக்குப் பஞ்சப்படியும் கிடையாது. திறமையால் சம்பளம் உயரலாம். உயராத வருஷமும் வரலாம். வேலையே போகிற வருஷமும் அந்தத் துறையில் உண்டு என்பது ஹிஞ்ஜவடியில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மிதக்கும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டுள்ளன. 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையே ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. 2025-ல் அது இறங்கி டிசம்பரில் 5.25 ஆயிற்று. இறங்கினது ஏறாது என்று யார் சொல்ல முடியும்? முன்போல் இரண்டரை சதவீதம் ஏறினால், 60 லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 52,500 ரூபாய். தவணை வட்டிக்கே போதாது! அப்படி வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கேட்பார்கள் சரி, பதில் சொல்ல நம் கையில் பணம் வேண்டாமா?

சேமிப்பவர்களுக்கும் இதே கழித்தல் கணக்குதான். 1995-ல் வைப்புத்தொகைக்கு 12 சதவீதம் கிடைத்ததை நினைத்து இன்றும் பெருமூச்சு விடுகிறோம். விலைவாசி போக மிஞ்சியது 2 தான். 2022 ஏப்ரலில் என் வைப்புத்தொகைக்கு வட்டி 5.5; அப்போதைய பணவீக்கம் 7.8. புத்தகத்தில் பணம் வளர்ந்தது, கடையில் குறைந்தது.

ஆகவே என் மகனிடம் நான் சொன்னது இவ்வளவே: "உன் இன்னிக்குச் சம்பளத்துக்குக் கடன் வாங்கு, நாளைக்கு வரப்போற சம்பளத்துக்கு வாங்காதே. ஒரு அறை குறைஞ்சா பரவாயில்ல." மிதக்கும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. முதல் வருஷ முடிவில் போனஸிலிருந்து 1 லட்சம் கூடுதலாகக் கட்டினால், வட்டி மாறாத வரை கடைசியில் சுமார் 9 தவணைகள் குறையும். நம் கடனை விலைவாசி கரைத்தது. அவர்கள் கடனை அவர்களேதான் கரைத்தாக வேண்டும்.

அவன் யோசித்துவிட்டு 45 லட்சத்தோடு நிறுத்திக்கொண்டான். வீடு சற்றுச் சிறியது, பால்கனி ஒன்றுதான். நண்பர்களுக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம். இருக்கட்டும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னது பணவீக்கத்தை நினைத்து அல்ல. ஆனாலும் பிழைப்புக்காகப் புனே வந்து, ஒரு சொந்தக் கூரைக்காகப் பாடுபட்ட நம் குடும்பங்களுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. அடுத்த முறை நம் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லும் முன் ஒரு கழித்தல் கணக்குப் போடுவோமே!