விலை ஏழு மடங்கு. வேகம் எத்தனை மடங்கு?

பிரேசர் டவுனில் இருந்து சிவாஜி நகர் வழியாக மார்க்கெட் பக்கம் போனால் எஸ்.பி. ரோடு வருகிறது. கம்ப்யூட்டர் சாமான்களுக்குப் பெங்களூரில் பெயர் போன கடைவீதி அது. மாதத்தின் முதல் வாரத்தில் அங்கே ஒரு காட்சியைப் பார்க்கலாம். கல்லூரியில் படிக்கும் மகன் முன்னால் போவான். சம்பளம் வாங்கிய தகப்பனார் பின்னால் போவார். மகன் கேட்பது கிராபிக்ஸ் கார்டு.

கடைக்காரர் ஒரு கார்டுக்கு முப்பதாயிரம் ரூபாய் அளவில் சொல்கிறார். இன்னொரு கார்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் சொல்கிறார். இரண்டும் ஒரே கம்பெனியின் சிப். "அப்படி என்னப்பா வித்தியாசம்?" என்று தகப்பனார் கேட்பது நியாயமான கேள்வி. சீட்டுப் பணத்தை எடுத்தோ, மாதத் தவணையிலோ வாங்கப் போகிறவர் அவர்தான்.

கார்டின் வேலை

சாதாரண கம்ப்யூட்டர் திரையில் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள் இருக்கின்றன. '4கே' என்று சொல்லும் உயர்ரகத் திரையில் அதைப்போல 4 மடங்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்பதை விநாடிக்கு 60 தடவையோ, அதற்கு மேலோ கணக்கிட வேண்டும். இந்த வேலைக்கென்றே ஆயிரக்கணக்கான சிறு கணக்குப் பிள்ளைகளை ஒரே சிப்பில் உட்கார வைத்திருப்பதுதான் கிராபிக்ஸ் கார்டு.

கணக்கு சொல்வது என்ன?

என்விடியா கம்பெனி 2025 ஜனவரியில் வெளியிட்ட உயர்ரக கார்டு ஆர்.டி.எக்ஸ். 5090. அதே ஆண்டு மே மாதம் வந்த மலிவு கார்டு ஆர்.டி.எக்ஸ். 5060. அறிமுக விலை முறையே 1,999 டாலர், 299 டாலர். அதாவது ஏறத்தாழ 7 மடங்கு. 5090 கார்டுக்கு நம் நாட்டில் அறிவித்த ஆரம்ப விலை ரூ.2 லட்சத்து 14 ஆயிரம்.

கணக்கிடும் பிரிவுகள் மலிவு கார்டில் 3,840; உயர்ரகத்தில் 21,760. இது ஐந்தரை மடங்குக்குச் சற்று மேல். நினைவகம் 8 ஜி.பி.க்கு 32 ஜி.பி.; 4 மடங்கு. மின்சாரம் 145 வாட்டுக்கு 575 வாட். இதுவும் ஏறத்தாழ 4 மடங்கு.

ஆனால் வேகம்? நிபுணர்கள் ஓட்டிப் பார்த்த சோதனைகளில், 4கே திரையில் உயர்ரக கார்டு மூன்று மடங்குக்கு மேல் வேகம் காட்டுகிறது. சாதாரணத் திரையில் இந்த வித்தியாசம் இரண்டு மடங்கு அளவுக்குக் குறைந்து விடுகிறது. அங்கே கார்டு சீக்கிரம் வேலையை முடித்துவிட்டு, கம்ப்யூட்டரின் மூளையான பிராசசருக்காகக் காத்துக் கிடக்கிறது. நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் சாதாரணத் திரைதான். ஏழு பங்கு பணம் கொடுத்து இரண்டு பங்கு வேகம் வாங்குவது நமக்குக் கட்டுமா?

விளம்பரத்தில் கவனம்

2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் விலையுள்ள 5070 கார்டு, 1,599 டாலருக்கு விற்ற பழைய 4090 கார்டின் வேகத்தைத் தரும் என்றார். பிறகு கார்டைச் சோதித்தவர்கள் விவரத்தைச் சொன்னார்கள். கார்டு நிஜமாக வரையும் ஒவ்வொரு படத்துக்கும் இடையே மூன்று படங்கள் வரை செயற்கை அறிவால் ஊகித்துச் சேர்க்கப்படுகின்றன. அந்தப் படங்களையும் எண்ணினால்தான் கணக்கு நேராகும். அவற்றை விட்டுவிட்டால் 5070 வெகுவாகப் பின்தங்கி விடுகிறது. ஆகவே 'இத்தனை பிரேம்' என்று கடையில் சொன்னால், ஊகப் படம் சேர்ந்ததா, சேராததா என்று கேளுங்கள்.

மலிவு கார்டு தோற்கும் இடம்

மலிவு கார்டிலும் குறை உண்டு. 8 ஜி.பி. நினைவகம் புதிய விளையாட்டுகள் சிலவற்றுக்கே போதவில்லை. முப்பரிமாண அனிமேஷன், பெரிய வீடியோ எடிட்டிங், செயற்கை அறிவுப் பாடம் ஆகியவற்றுக்கு நினைவகம் போதாவிட்டால் வேலை மெதுவாகும். சில சமயம் நின்றே விடும். இப்படிப்பட்ட படிப்பு என்றால் வேகத்தைவிட நினைவகத்தை முதலில் பாருங்கள். 2024 டிசம்பரில் இன்டெல் கொண்டு வந்த ஆர்க் பி580 கார்டு 249 டாலர் விலையிலேயே 12 ஜி.பி. தந்தது. ஆனால் பாடத்துக்குரிய மென்பொருள் அந்த கார்டில் ஓடுமா என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பல மென்பொருள்கள் என்விடியாவை நம்பியே எழுதப்பட்டவை.

டாலி கணக்கு, கடிதம், ஆன்லைன் வகுப்பு இவ்வளவுதான் வேலை என்றால் தனி கார்டே வேண்டாம்.

கரண்ட் பில்

தினம் 5 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால், 145 வாட் கார்டு மாதம் சுமார் 22 யூனிட் இழுக்கும். 575 வாட் கார்டு 86 யூனிட் இழுக்கும். கர்நாடக அரசு 2023-ல் தொடங்கிய கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட் என்பது எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் முழு பில்லும் நம் தலையில் விழும். அந்தக் கோட்டை ஒட்டி வாழும் குடும்பத்துக்கு, கார்டின் விலையோடு செலவு முடிவதில்லை.

நமக்கு ஏன் இந்த நிலை?

2025 ஜனவரியில் முடிந்த நிதி ஆண்டில் என்விடியாவின் வருமானம் சுமார் 13,050 கோடி டாலர். அதில் 11,500 கோடிக்கு மேல், செயற்கை அறிவுக்கான பெரிய கம்ப்யூட்டர் நிலையங்களுக்கு விற்றதில் வந்தது. விளையாட்டு கார்டுகளின் பங்கு சுமார் 1,135 கோடிதான். கடையில் ஒரு கார்டு வாங்கும் நாம் இன்று அவர்களுக்குச் சின்ன வாடிக்கைக்காரர்கள். 2025 இறுதியில் அந்த நிலையங்களின் தேவையால் நினைவக சிப்புகளின் விலை கடுமையாக ஏறியபோது, அந்தச் சுமையும் சில்லறைக் கடைக்கு வந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி., உலகிலேயே தனது மிகப் பெரிய வடிவமைப்பு மையத்தை 2023 நவம்பரில் இதே பெங்களூரில் திறந்தது. என்விடியாவின் என்ஜினீயர்களும் இங்கே இருக்கிறார்கள். சிப்பை வடிவமைக்கும் ஊர் நம்முடையது. ஆனாலும் அதை வாங்க நம் குடும்பங்கள் கடன் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

மாற்று வழி

செயற்கை அறிவு படிக்கும் பிள்ளைக்கு ஆரம்பத்திலேயே விலை உயர்ந்த கார்டு தேவையில்லை. கூகிள் கோலாப் போன்ற சேவைகளில் தொலைவில் உள்ள கார்டை, நேர வரம்போடு, இலவசமாகப் பயன்படுத்தலாம். மத்திய அரசு 2024 மார்ச்சில் ரூ.10,300 கோடிக்கு மேல் ஒதுக்கி ஒப்புதல் தந்த இந்தியா ஏ.ஐ. திட்டத்தில், மாணவர்களுக்கும் சலுகைக் கட்டணத்தில் இந்த வசதி உண்டு. கல்லூரியில் விசாரிக்கலாம்.

பழைய கார்டு வாங்குவோர் ரசீதும் மீதி வாரண்டியும் கேட்டு வாங்க வேண்டும். 2022 செப்டம்பர் வரை ஈதேரியம் என்ற மின்னணு நாணயத்துக்காக இரவு பகலாக ஓடிய கார்டுகளும் பழைய சந்தைக்கு வந்திருக்கின்றன.

கடைக்குக் கிளம்பும் முன் மகனிடமோ மகளிடமோ மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த வேலைக்கு? எந்தத் திரைக்கு? எத்தனை ஜி.பி.? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் அந்த வேலைக்கு ஏற்ற கார்டை வாங்கிக் கொடுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த மாதம் பார்த்துக் கொள்ளலாம். பணம் கையில் இருக்கும்.