வெளியே வர வழியில்லாத கேள்வி

முதல் வேலையில் ஒரு கிடங்குக்குக் கன்சோல் நிரல் எழுதிக் கொடுத்தேன். சரக்கு எண், அளவு, விலை என்று கறுப்புத் திரையில் வரிசையாகக் கேட்கும். பதிவு போடும் அண்ணன் ஒருநாள் கேட்டார்.

"தம்பி, தப்பான சரக்க எடுத்துட்டா எப்படி வெளிய வர்றது?"

"கன்ட்ரோல் சி அழுத்துங்கண்ணே."

"மொத்தமா மூடிக்குதேப்பா. அதான் அளவுல ஒண்ணுன்னு போட்டுட்டுப் போயிடுவேன்."

மாதக் கடைசியில் இருப்பு ஏன் இடித்தது என்று அப்போதுதான் புரிந்தது. திட்டு வாங்கியது அவர். தப்பு என்னுடையது.

இதைப் பேசினால் நம் ஆட்கள் உடனே, "அதான் கன்ட்ரோல் சி இருக்கே" என்பார்கள். அது ரத்து இல்லை, குறுக்கீட்டுச் சமிக்ஞை. நிரல் அதைக் கையாளாவிட்டால் பாதியிலேயே செத்துவிடும். ஆனால் பாஷ் ஷெல்லில் அரைகுறையாக ஒரு கட்டளையைத் தட்டிவிட்டு கன்ட்ரோல் சி அழுத்திப் பாருங்கள். அந்த வரி மட்டும் போகும், ஷெல் அப்படியே நிற்கும். தினமும் நாம் அனுபவிக்கிற வசதி இது. அடுத்தவருக்கு எழுதும்போது மட்டும் மறந்துபோகிறது.

"எஸ்கேப் விசை நிரலுக்கு வந்து சேராதே" என்பது அடுத்த சாக்கு. பாதி உண்மை. யூனிக்ஸ் டெர்மினல் வழக்கமாக முழு வரியையும் தானே சேர்த்து வைத்துக்கொண்டு, என்டர் தட்டிய பிறகே நிரலிடம் தரும். ஒவ்வொரு விசையாக வாங்க ஆரம்பித்தால் பேக்ஸ்பேஸையும் நாமே கவனிக்க வேண்டும். தமிழில் 'கு' என்பது இரண்டு குறியீடுகள். ஏமாந்தால் உகரக் குறி மட்டும் அழிந்து 'க' நிற்கும். அம்புக்குறி விசைகளும் எஸ்கேப்பின் அதே 27ஆம் எண்ணில்தான் தொடங்கும். வேலை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

சரி, அவ்வளவு வேண்டாம். பைத்தானில் இன்புட்டைச் சுற்றி ஒரு ட்ரை போட்டு, கீபோர்ட் இன்டரப்ட் வந்தால் மெனுவுக்குத் திரும்புங்கள். நான்கு வரி. அதுவும் முடியாதா? ஒற்றைப் புள்ளி தட்டினால் ரத்து என்று கேள்வியிலேயே எழுதிவிடுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வெற்றுப் பதில் வேறு, ரத்து வேறு. இரண்டையும் காலிச் சரமாகத் திருப்பி அனுப்பினால் பழைய குழப்பமே வேறு வழியில் வரும்.

வழி வைக்காவிட்டால் ஜனங்கள் காத்திருக்க மாட்டார்கள். பொய்ப் பதில் கொடுத்தாவது வெளியே வருவார்கள். அந்தப் பொய் நம் தரவுத்தளத்தில் உண்மையாக உட்கார்ந்திருக்கும். அடுத்த தடவை இன்புட் என்று எழுதும்போது, அந்த அண்ணன் அங்கே என்ன தட்டுவார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.